தறிக்குடோனில் காற்று இழுத்த பாவு: ஒரு மின்பொறிப் படப்பிடிப்பின் நிகழ்வு ஆய்வு

பல்லடம் வட்டாரத்தில் ஓட்டம் நின்றுபோன ஒரு தறிக்குடோனில், சென்ற ஆடி மாதத்தில் மூன்று இரவுகள் மின்பொறிகளைப் படம் எடுத்தோம். முதல் இரவின் 64 படங்களை மறுநாள் கணினியில் திறந்தபோது, ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே குறை இருப்பதாக எனக்குத் தோன்றியது. மரக்கிளை போல ஒற்றைக் கோடாகக் கிளைத்துச் செல்ல வேண்டிய பொறி, பக்கம் பக்கமாக இருபது முப்பது மெல்லிய இழைகளாகப் பிரிந்து, அகன்ற நாடாவாகப் படர்ந்திருந்தது. அந்த நாடா எங்கிருந்து வந்தது, அதை நீக்க வேண்டுமா, வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதைத் தெரிந்துகொள்ள அடுத்த இரண்டு இரவுகளும் செலவாயின. அந்தத் தேடலின் விவரம் இது.

படத்தைக் கேட்டவர் கோவை கணபதியில் மோட்டார் வைண்டிங் பட்டறை நடத்தும் நண்பர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அண்ணா என்றே அழைப்பேன். போர்வெல் மோட்டார் எரிந்துபோய் வரும் விவசாயிகளுக்கு ஆண்டுதோறும் அவர் தரும் நாட்காட்டிக்கு, இந்த முறை மின்சாரத்தையே படமாகப் போட வேண்டும் என்று விரும்பினார். பட்டறை வேலை முடிந்த பிறகு இரண்டு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக அவர் செய்து முடித்த, மிக உயர்ந்த மின்னழுத்தத்தை உண்டாக்கிக் காற்றில் பொறி பாய்ச்சும் டெஸ்லா காயில் ஒன்றும் தயாராக இருந்தது. 110 மி.மீ. பிவிசி குழாயில் 26ஆம் எண் எனாமல் கம்பியை ஏறத்தாழ ஆயிரம் சுற்று, ஒரு சுற்றுக்கூட ஏறிக்கொள்ளாமல், கையாலேயே சுற்றியிருந்தார். அந்தச் சுருளைப் பார்க்கிற எவருக்கும் அவருடைய தொழில் என்னவென்று சொல்லத் தேவையில்லை. நியான் விளம்பரப் பலகைகளுக்குப் பயன்பட்ட 15,000 வோல்ட், 30 மில்லி ஆம்பியர் ட்ரான்ஸ்பார்மர், மின்னேற்றத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டர்களை நிரப்ப, சுழலும் பொறியிடைவெளி (மோட்டார் சுழற்றும் சக்கரத்தின் முனைகள் சுவிட்சுபோல வேலை செய்யும் அமைப்பு) ஒன்று அவற்றைக் குறித்த இடைவேளையில் முதன்மைச் சுருளுக்குள் கொட்ட, உச்சியில் உள்ள அலுமினிய வளையத்திலிருந்து எண்பது சென்டிமீட்டர் வரை பொறி பாய்ந்தது. சுருளின் அதிர்வெண் சுமார் 240 கிலோஹெர்ட்ஸ்.

இதை எவ்வாறு செய்வது என்று நான் இங்கே சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். முப்பது மில்லி ஆம்பியர் என்பது இதயத்தை நிறுத்தப் போதுமானது. கெப்பாசிட்டர் மின்தொடர்பைத் துண்டித்த பின்னும் கொல்லும். மைக்ரோவேவ் அடுப்பின் ட்ரான்ஸ்பார்மரைக் கழற்றி மரப்பலகையில் மின்கோலம் எரிக்கப் போனவர்கள் பலர் உயிரோடு இல்லை. நாற்பது ஆண்டுகள் மின்சாரத்தோடு வாழ்ந்த ஒருவர் சுவிட்சருகே நிற்கிறார் என்ற ஒரே காரணத்தால்தான் நான் கேமராவோடு அங்கே போனேன்.

குடோனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருள். தறிகளில் பாதியை விற்றுவிட்டிருந்தார்கள். மீதி ஆறு தறிகள் துருவேறி ஒரு ஓரமாகக் கிடந்தன. நடுவே முப்பது அடிக்குக் குறையாத காலியிடம், மேலே சிமென்ட் ஷீட் கூரை, மேற்குச் சுவரில் கூரையை ஒட்டிக் காற்றுக்காக விட்ட ஜாலி. அந்த ஜாலியை நான் முதல் நாள் கவனித்துக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் கவனமெல்லாம் எர்த் மீதே இருந்தது. மழைமறைவுப் பகுதியின் காய்ந்த செம்மண்ணில் எர்த் எளிதில் பிடிக்காது; வீட்டு மின்னிணைப்பின் எர்த்தோடு இதைச் சேர்க்கவும் கூடாது. ஆகவே குடோனுக்கு வெளியே தனிக்குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, ராடை இறக்கி, மாலையில் எட்டுக் குடம் தண்ணீர் ஊற்றிய பிறகே அண்ணாவுக்கு மனம் ஒப்பியது.

முதல் இரவு

மின்பொறியைப் படமெடுப்பதில் புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு பொறி எவ்வளவு பிரகாசமாகப் பதிகிறது என்பதை ஷட்டர் நேரம் தீர்மானிப்பதில்லை. பொறி ஒவ்வொன்றும் விநாடியின் பத்தாயிரத்தில் சில பங்கு நேரமே வாழ்கிறது; ஷட்டர் ஒரு விநாடி திறந்திருந்தாலும் முப்பது விநாடி திறந்திருந்தாலும் அந்தப் பொறி தந்த ஒளி ஒன்றுதான். அதன் பிரகாசத்தை லென்ஸின் துவாரமும் (எஃப் எண்) ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்வு அளவும் முடிவு செய்கின்றன. ஷட்டர் நேரம் முடிவு செய்வது எத்தனை பொறிகள் ஒரே படத்தில் சேர வேண்டும் என்பதையும், சுற்றியுள்ள மங்கல் வெளிச்சம் எவ்வளவு ஏற வேண்டும் என்பதையும்தான். ஃபிளாஷ் வைத்து வேலை செய்த எவருக்கும் இது பழகிய கணக்கு. ஆனாலும் பொறி கண்முன்னே தொடர்ந்து ஓடுவதுபோலத் தெரிவதால் அதைத் தொடர்வெளிச்சம் என்று எண்ணி ஏமாந்துவிடுகிறோம்.

ஐந்து மீட்டர் தள்ளி, 50 மி.மீ. லென்ஸ், எஃப் 8, ஐஎஸ்ஓ 100, எட்டு விநாடி என்று தொடங்கினேன். ஃபோகஸைப் பகல் வெளிச்சத்திலேயே கையால் வைத்து டேப் ஒட்டியிருந்தேன். நிறச் சமநிலையான வொயிட் பாலன்ஸைப் பகலொளிக்கு நிறுத்தியிருந்தேன், ஏனென்றால் காற்றிலுள்ள நைட்ரஜன் தரும் ஊதா நிறத்தைத் தானியங்கி அமைப்பு ‘சரிசெய்து’ வெளிறச் செய்துவிடும். வளையத்தின் அருகே எல்லாப் பொறிகளும் ஒரே இடத்தில் பிறப்பதால் அங்கே வெள்ளை வெந்துபோயிற்று. நுனிகளில் மட்டும் விவரம் நின்றது. எட்டு விநாடியை இரண்டாகக் குறைத்தபின் அது ஓரளவு அடங்கியது.

கேமராவும் தன் பங்குக்குத் தொல்லை தந்தது. கம்பி ரிமோட்டின் வயர் ஆண்டெனாவாக மாறி, நான் விரலை எடுக்காமலேயே ஷட்டர் பாதியில் மூடிக்கொண்டது; பின்திரை இருமுறை அணைந்து எரிந்தது. ரிமோட்டைக் கழற்றிவிட்டு, குறித்த விநாடி அமைப்பையும் பத்து விநாடி டைமரையும் வைத்த பிறகே நிலைமை சீரானது.

மறுநாள் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அந்த நாடாக்கள் தெரிந்தன.

ஐயங்களும் அவற்றின் முடிவும்

என் முதல் ஐயம் ட்ரைபாட் மீது விழுந்தது. பொறியிடைவெளியைச் சுழற்றும் மோட்டாரின் அதிர்வு சிமென்ட் தரை வழியே கேமராவை ஆட்டியிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அதே படங்களில், பொறியின் ஒளியில் மட்டுமே தெரிந்த தறிச்சட்டத்தின் போல்ட்டு மரைகள் ஒவ்வொன்றும் கூர்மையாக இருந்தன. கேமரா ஆடியிருந்தால் அவையும் இருபது முப்பதாகப் பெருகியிருக்க வேண்டும். அடுத்து லென்ஸுக்குள் எதிரொளிப்பு என்று எண்ணினேன். எதிரொளிப்பு பெரும்பாலும் படத்தின் மையத்துக்கு எதிர்ப்பக்கத்தில் தலைகீழாக விழும். இங்கே எல்லா இழைகளும் ஒரே பக்கமாக, கிழக்கே, ஒரே சீரான இடைவெளியில் நகர்ந்திருந்தன. சென்சாரில் மின்குறுக்கீடு என்ற ஐயமும் நிற்கவில்லை: பொறி பிறக்கும் முனையிலும், எதிரே நிறுத்தியிருந்த எர்த் கம்பியின் நுனியிலும் எல்லா இழைகளும் ஒரே புள்ளியில் கூடின; நடுவில் மட்டுமே விரிந்தன. இரு முனையும் கட்டப்பட்டு நடுவயிறு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்ட ஏதோ ஒன்றைத்தான் படம் காட்டியது.

இழைகளின் பிரகாசத்தில் ஒரு ஒழுங்கு இருப்பதையும் அப்போது கவனித்தேன். மங்கலாகத் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு இழைகளில் உச்சம் அடைந்து, மறுபடி மங்கி, ஏறக்குறைய இருபத்துநான்காம் இழையில் அறுந்து, புதிய நாடா தொடங்கியது. இதைத் தொலைபேசியில் சொன்னபோது அண்ணா சற்றும் தயங்கவில்லை. “தம்பி, அது மோட்டாருங்க. ஓடும்போது ஊம், ஊம்னு விநாடிக்கு நாலு தரம் சத்தம் ஏறி இறங்கும், நீங்க கேக்கலையா?” என்றார்.

கணக்கு அப்படியே பொருந்தியது. பொறியிடைவெளியைச் சுழற்றியது சாதாரண நான்கு துருவ இண்டக்‌ஷன் மோட்டார். பெயருக்கு 1,500 சுற்று. உண்மையில், மின்சாரத்தின் அலைக்குச் சற்றுப் பின்தங்கும் வழுக்கல் போக, நிமிடத்துக்கு 1,440 அளவில் ஓடும். சக்கரத்தில் நான்கு முனைகள் இருப்பதால் விநாடிக்கு 96 பொறிகள். ஆனால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், ஒவ்வொரு அலைக்கும் இரண்டு உச்சம் என, கெப்பாசிட்டரை விநாடிக்கு 100 முறை உச்சத்துக்கு நிரப்புகிறது. இரண்டும் ஒத்துப்போகாமல் விநாடிக்கு நான்கு முறை சேர்ந்து நான்கு முறை விலகுகின்றன. விலகும் நேரத்தில் பொறி மெலிகிறது. 96ஐ நான்கால் வகுத்தால் 24. காதால் அவர் கேட்டதையே நான் கண்ணால் எண்ணியிருக்கிறேன். இழை ஒவ்வொன்றும் ஒரு தனிப்பொறி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைத்திருக்காது.

அப்படியானால் அடுத்தடுத்த பொறிகள் ஏன் சிதறிப்போகாமல், முந்தைய பொறியின் வடிவத்தை வளைவுக்கு வளைவு படியெடுத்ததுபோல் பின்தொடர்கின்றன? ஏன் ஒவ்வொன்றும் சிறிது கிழக்கே தள்ளி நிற்கிறது? விடை வெப்பத்தில் இருக்கிறது. பொறி பாய்ந்த தடத்தில் காற்று கொதித்து விரிந்து அடர்த்தி குறைகிறது. காற்றின் அழுத்தமும் மின்முனைகளின் இடைவெளியும் சேர்ந்துதான் மின்முறிவுக்கு, அதாவது காற்று தடையுடைந்து மின்சாரத்தைக் கடத்துவதற்கு, வேண்டிய வோல்ட்டை முடிவு செய்கின்றன என்று ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷன் 1889இல் காட்டினார். அழுத்தம் அதேயாக இருக்கும்போது, சூடான, அடர்த்தி குறைந்த தடம் அடர்த்தியான குளிர்காற்றைவிட மிக எளிதில் முறியும். நூறில் ஒரு விநாடி கழித்து வரும் அடுத்த பொறி, மின்னேற்றம் பெரும்பாலும் கலைந்துபோயிருந்தாலும் இன்னும் ஆறாத அந்தச் சூட்டுத்தடத்தையே தேடிப் பிடிக்கிறது. இதற்கிடையில் காற்று அந்தத் தடத்தைச் சற்றே நகர்த்திவிடுகிறது. ஆகவே இழைகளுக்கு இடையிலுள்ள தூரம் என்பது நூறில் ஒரு விநாடியில் காற்று நடந்த தூரம்.

இந்த வெப்ப நினைவு ஒரு பக்கவிளைவு மட்டுமன்று. பொறியின் நீளமே அதனால்தான் கிடைக்கிறது. சீரான மின்புலத்தில் காற்றை முறிக்க சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட் வேண்டும். அதை வைத்து எண்பது சென்டிமீட்டருக்குப் பெருக்கி, இந்தச் சுருள் இருபத்துநான்கு லட்சம் வோல்ட் தருகிறது என்று சொல்வது தவறு. உண்மையில் உச்சியின் மின்னழுத்தம் அதில் ஒரு சிறு பகுதியே. ஒவ்வொரு பொறியும் முந்தையது சூடாக்கிய பாதையில் ஓடி, நுனியில் இன்னும் கொஞ்சம் நீட்டிவிட்டு அணைகிறது. அப்படிப் படிப்படியாக வளர்ந்துதான் எண்பதை எட்டுகிறது. நாடாவை முழுவதும் ஒழித்துவிட வேண்டும் என்று நான் முதல் நாள் ஆசைப்பட்டேன். பொறியை வளர்க்கும் அதே காரணத்தைத்தான் ஒழிக்க நினைத்திருக்கிறேன்.

காற்று எங்கிருந்து வந்தது

வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பாலக்காட்டுக் கணவாய் வழியே பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் வேகமெடுத்து வருகிறது. அதை நம்பித்தான் இந்த வட்டாரத்தில் காற்றாலைகள் நிற்கின்றன. வெளியே தென்னை மட்டைகள் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த அந்த இரவில், குடோனுக்குள் தீக்குச்சி அணையாத அளவுக்கு மெல்லிய காற்றே இருந்தது. அது மேற்கு ஜாலி வழியாக வந்தது.

இரண்டாம் இரவில் இதைச் சோதித்தோம். முழுஃப்ரேம் சென்சாரின் 36 மி.மீ. அகலத்தில் 6,000 பிக்சல், 50 மி.மீ. லென்ஸில் ஐந்து மீட்டர் தூரத்தில் படத்தின் அகலம் 3.6 மீட்டர், ஆகவே ஒரு பிக்சலுக்கு 0.6 மி.மீ. இழைகளின் இடைவெளி நாடாவின் நடுவில் பெரும்பாலும் 15 பிக்சல், அதாவது 9 மி.மீ. விநாடிக்கு 96 இழைகள் என்றால் காற்றின் வேகம் விநாடிக்கு 0.9 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சுருளை நிறுத்தி, அதே இடத்தில் கையடக்கக் காற்றுமானியைப் பிடித்தபோது அது 0.8க்கும் 1.1க்கும் நடுவே ஊசலாடியது. அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

பிறகு கேமராவை மேற்குச் சுவருக்குக் கொண்டுபோய், காற்று போகும் திசையிலேயே பார்க்கும்படி நிறுத்தினேன். இழைகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து, நாடாக்கள் ஏறக்குறைய ஒற்றைக் கோடுகளாகச் சுருங்கின. கிழக்கே ஒரு பெடஸ்டல் ஃபேன் வைத்து எதிர்க்காற்று விட்டபோது நாடா மேற்கே திரும்பியது. ஜாலியைத் தார்ப்பாயால் மூடியபோது இழைகள் மூன்று நான்கு பிக்சல் அளவுக்கு நெருங்கின. ஆனால் கிடைமட்டப் பொறிகளில் அவை பக்கவாட்டில் நகராமல் மேல்நோக்கி ஏறின. காற்றே இல்லாதபோதும் சூடான தடம் தானாக எழும்புகிறது என்பதற்கு இது சாட்சி. மின்னலிலும் இதே கதை நடக்கிறது. ஒரு மின்னலுக்குள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வீச்சுகள் ஒரே தடத்தில் இறங்குகின்றன. பலத்த குறுக்குக்காற்று அடிக்கும்போது அவை தனித்தனியாக விலகி, வானத்தில் ஒரு நாடாவாகவே படத்தில் விழும்.

தார்ப்பாய் போட்டு மூடிய அந்த அரைமணி நேரம் எங்களுக்கு வேறொன்றையும் உணர்த்தியது. பொறிகள் ஓசோனையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் உண்டாக்குகின்றன. மூடிய குடோனில் அவை தங்கிவிட, தொண்டை கரகரத்து அண்ணாவுக்கு இருமல் வந்தது. தார்ப்பாயை உடனே அவிழ்த்தோம். சுத்தமான ஒற்றைக் கோட்டுப் பொறிக்காக நச்சுக்காற்றில் நிற்பது எந்த வகையிலும் தகாது. அந்த இடத்திலேயே நாடாக்களை வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

மூன்றாம் இரவு

வைத்துக்கொள்வதென்றால் நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். இருபத்துநான்கில் அறுந்துபோகும் நாடா எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணா அன்று பகலில் மோட்டாரைப் பிரித்து, அதன் சுழலும் பாகமான ரோட்டரின் உருளைப் பரப்பில் நான்கு பக்கமும் சமதளமாகச் சீவி எடுத்தார். துருவங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பச் சீவப்பட்ட ரோட்டர், ஓட்டம் பிடித்ததும் மின்சாரத்தின் அலையோடு பூட்டிக்கொண்டு வழுக்காமல் ஓடும். இழுவை குறையும், சூடு கூடும், ஆனால் நிமிடத்துக்குச் சரியாக 1,500 சுற்று. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் 1937இல் மின்மோட்டார் செய்துகாட்டிய கோவையில், இந்த வேலைக்கு ஒரு லேத்தும் ஒரு முற்பகலும் போதுமாக இருந்தது. அன்றிரவு அந்த ஊம் சத்தம் அடங்கியிருந்தது. இழைகள் விநாடிக்கு நூறாக, ஒரே பிரகாசத்தில் விழுந்தன. நாடாக்கள் முப்பது, நாற்பது இழைகள் வரை நீண்டபிறகே முறிந்தன.

தறிச்சட்டங்களுக்கு டார்ச் ஒளி பூசும் வேலையை எப்போதும் முதலில் செய்தோம். படத்தின் பார்வையில் பொறியை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு ஒளி பூசுவது வசதி. ஆனால் அப்போது ஒருவர் இருட்டில், இப்போதுதான் அணைந்த கெப்பாசிட்டர்களின் பக்கம் நடக்க வேண்டும். ஆகவே முதலில் ஒளி பூசி, எல்லாரும் வெளியே வந்து, ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி எண்ணிக்கொண்டு, சாவி அண்ணாவின் கைக்குப் போன பிறகே சுருள் ஓடியது. ஒவ்வொரு முறை நிறுத்திய பின்பும் எர்த் கோலால் கெப்பாசிட்டரைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போனோம்.

தானும் பொறிகளின் அடியில் அமர்ந்திருப்பதுபோல் ஒரு படம் வேண்டும் என்று அண்ணா கேட்டார். கொலராடோ ஸ்பிரிங்ஸில் 1899இல் எடுத்த, டெஸ்லா நாற்காலியில் அமர்ந்து படிக்கும் அந்தப் புகழ்பெற்ற படம் அவர் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. அது இரட்டைப் பதிவு. பொறிகள் பாய்ந்தபோது டெஸ்லா அந்த நாற்காலியில் இல்லை. நாங்களும் ட்ரைபாடை அசைக்காமல் இரு தனிப்படங்களாக எடுத்து, கணினியில் சேர்த்தோம். நாட்காட்டியில் அந்தப் படத்தின் கீழே ‘இரு பதிவுகளின் சேர்க்கை’ என்று அச்சிட வேண்டும் என்பது நான் வைத்த ஒரே நிபந்தனை. பார்க்கிற ஒரு பையன் அதை உண்மையென்று நம்பி அருகில் போய் உட்கார்ந்துவிடக் கூடாது.

பெரிய படமாக நாங்கள் தேர்ந்தெடுத்தது இரண்டு விநாடிப் பதிவு ஒன்றை. இருநூறு பொறிகள், ஐந்து பெரிய நாடாக்கள், பின்னால் மங்கலாக ஆறு தறிகள். அச்சானதும் முதல் பிரதியைக் குடோன்காரருக்குக் கொடுத்தோம். நாற்பது ஆண்டுகள் தறி ஓட்டிய பெரியவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “பாவு ஓட்டுன மாதிரியே இருக்குதுங்க. ஆனா மேல இழை அகலமா விழுந்திருக்குது, கீழ நெருக்கமா இருக்குது. இழுவை ஒண்ணா இல்லையே கண்ணு” என்றார். பாவு என்பது தறியில் நெடுக்காக இழுத்துக் கட்டும் நூல் வரிசை.

நாங்கள் இருவரும் அந்தப் படத்தைக் குறைந்தது நூறு முறை பார்த்திருப்போம். வீட்டுக்கு வந்து அளந்தேன். காற்றில் முடியும் பொறிகளில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இடைவெளி 15 பிக்சல். அரை மீட்டரில் 8. தரையை ஒட்டிக் காற்று மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் தாழ்ந்து வரும் பொறிகள் நீளமும் சாய்வும் வேறாக இருந்ததால், இந்த வேறுபாடு முழுவதும் காற்றுடையது என்று இந்த ஒரு படத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. அடுத்த ஆடிக்கு, வளையத்தின் இரு பக்கமும் ஒரே தூரத்தில், ஒன்றை மேலே ஒன்றைக் கீழே என இரண்டு எர்த் கம்பிகளை நிறுத்தி எடுப்பதாக இருக்கிறோம். பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.